மிஸ் சொன்ன ‘வேண்டாம்’

போன மாதம் எங்கள் பழைய முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். கோத்தா திங்கியில் ஆற்றைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் போகிற சாலையில் மேட்டு நிலத்தில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் நான் வேலை பார்த்த இடம். இப்போது நான் பெர்மாஸ் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். இல்லத்தை இன்று நடத்துகிற பிரேமாதான் கூப்பிட்டிருந்தாள். புத்தகம் ஒன்று போடுகிறார்களாம், முன்பு இல்லத்தை நடத்திய மிஸ்ஸைப் பற்றி நான் எழுதித் தர வேண்டுமாம். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். முடியாது என்று சொல்லத்தான் போனேன்.

காலையில் உள்ளே நுழைந்ததும் கூடத்தில் மிஸ்ஸின் படம். பெரிதாக்கி, சட்டம் போட்டு, கீழே பலகையில் பொன்னெழுத்தில் எழுதியிருந்தார்கள். ‘ஜெபித்துக்கொண்டே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று இருந்தது. எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தேன். சரியாகத்தான் படித்தேனா என்று இன்னொரு தடவை படித்தேன்.

அந்த அறையில் இருந்தவள் நான். மிஸ் ஜெபித்துக்கொண்டு போகவில்லை.

அதிலிருந்து மீள்வதற்குள் ஒவ்வொரு அறையிலும் ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. சுவரில் மேலே சின்னப் பெட்டியாக மாட்டியிருக்கிறார்கள். பாட்டும் ஜெபமும் காலையிலும் மாலையிலும் எல்லாருக்கும் போகுமாம். கடைசிக் கட்டிலில் இருந்த ஒரு அம்மா, நெற்றியில் பழைய பச்சை குத்தின பொட்டு, மெல்லப் புரண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். இதே மாதிரி ஒரு முகம் சுவர்ப்பக்கம் திரும்பியதை இதே இல்லத்தில் முன்பு பார்த்திருக்கிறேன்.

எழுதுகிறேன் என்று பிரேமாவிடம் சொல்லிவிட்டேன்.

மிஸ்ஸின் பெயர் மார்த்தா. நியூசிலாந்தில் ஆடு வளர்க்கிற குடும்பமாம். மிஷனரியாகத் திருநெல்வேலிப் பக்கம் போய், அங்கே பல வருடம் இருந்து, பிறகு இங்கே வந்தவர். அதனால் வெள்ளைக்காரி வாயில் நெல்லைத் தமிழ். நாங்கள் ‘அவங்க’ என்றால் அவர் ‘அவிய’ என்பார். என்னை என் பெயரோடு ‘ஏட்டி பாரு’ என்று கூப்பிட்டபோது, முதல் நாள் நான் திட்டுகிறார் என்று நினைத்து அழுதுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, பிரியமாக இருந்தால்தான் ‘ஏட்டி’. கோபம் வந்தால் குரல் உயராது. ‘நீங்க’ என்று மரியாதைக்கு மாறிவிடுவார். மிஸ் ‘நீங்க’ போட்டால் சமையல்காரர் கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

நான் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தவள். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது வேலை போனது. வீட்டுக்காரரும் அதற்கு முன்பே போய்விட்டார். கைப்பிள்ளையோடு வந்து நின்றேன். துணி துவைக்க ஆள் வேண்டும் என்றார்கள். கொஞ்ச நாளில் மிஸ் என்னைத் துணியிலிருந்து எடுத்து ஆட்களிடம் விட்டார். கிடையில் கிடக்கிறவர்களைக் கழுவுவது, புரட்டுவது, ஊட்டுவது.

அந்த வேலையை மிஸ் சொல்லிக்கொடுத்த விதத்தை எழுதியே ஆகவேண்டும். அறைக்குள் போனதும் முதலில் கட்டில் சட்டத்தை விரலால் தட்ட வேண்டும். பிறகு நம் பெயரைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து, அவர்கள் கண்ணுக்கு நேராக நம் கண் வரவேண்டும். நின்றுகொண்டு மேலேயிருந்து பேசக் கூடாது. தண்ணீரை மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்து, முகத்தில் ஆரம்பித்து, கால் விரல் இடுக்கை ஈரமில்லாமல் ஒற்றி முடிக்க வேண்டும். புரட்டும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. இதெல்லாம் ஆஸ்பத்திரியிலும் செய்வார்கள். மிஸ்ஸிடம் இருந்த வேறொரு சட்டம் எங்கேயும் நான் பார்க்கவில்லை. எதைச் செய்வதற்கு முன்னாலும் கேட்க வேண்டும். ‘முகம் கழுவட்டுமா?’ ‘புரட்டட்டுமா?’ வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிட்டு, ‘அப்ப வேற என்ன செய்யட்டும்?’ என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும்.

ஜெபத்துக்கும் அதே சட்டம்தான். ‘உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?’ என்று மிஸ்ஸே கேட்பார். தலையாட்டினால் பண்ணுவார். மாட்டேன் என்றால் பைபிளை மூடிவிடுவார். அந்த அறைக்குள் வாய்க்குள் முணுமுணுக்கவும் கூடாது. பாரம் தாங்காமல் பண்ணியே தீரவேண்டும் என்கிறவர்கள் சமையற்கட்டுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்துக்குப் போய்ப் பண்ணிக்கொள்ளலாம்.

என்னிடமும் கேட்டார். வந்த புதிதில், மகளுக்குக் காய்ச்சல் கண்டு நான் சுருண்டு உட்கார்ந்திருந்தபோது. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். வேண்டாம் மிஸ் என்றேன், பயந்துகொண்டே. வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

“அப்ப வேற என்னட்டி செய்யட்டும்?” என்றார்.

எனக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவருடைய பச்சைச் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அது ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதும் மறுவாரமே செம்மண் சாலையில் மிஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பின்னால் ஓடிவந்தார். செம்பனைக் குலை ஏற்றப் போகிற ஆண்கள் லாரியை நிறுத்திச் சிரித்தார்கள். “மணியடிட்டி, மணியடி, அவனுவ ஒதுங்குவானுவ” என்று கத்தினார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஜெபத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஓய்வு பெறும் வரை அந்தச் சைக்கிள்தான் எனக்குக் கால்.

இனி முனியாண்டித் தாத்தாவைச் சொல்ல வேண்டும். பண்டார் தெங்காராவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆயுசு முழுக்கப் பால்மரம் வெட்டியவர். ஆள் யாரும் இல்லை. நெஞ்சுக்குள் கட்டி என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று எங்களிடம் அனுப்பினார்கள். வாய் ரொம்பத் துடுக்கு. மிஸ் கேட்டபோது, “ஒங்க சாமி தொரை சாமி. தொரை பங்களாவுல இருந்தாரு, நான் லயத்து வீட்டுல இருந்தேன். இப்ப மட்டும் என்னா சொந்தம்? வேணாம்” என்றார்.

வேறு என்ன செய்யட்டும் என்று மிஸ் கேட்டார்.

“ஒரு சுருட்டு.”

நெஞ்சில் கட்டியோடு சுருட்டு. நான் மிஸ் முகத்தைப் பார்த்தேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வாங்கிவந்து, தாத்தாவுக்குக் கை நடுங்கியதால் தானே பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்து, கண்ணில் நீர் வர இருமி, அவர் வாயில் வைத்தார். தாத்தா சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். “தொரைசானி சுருட்டுக் குடிக்குது, அலமாக்” என்று வியந்தார்.

தினமும் ஒன்று. மிஸ் பிடித்துக்கொண்டிருப்பார், தாத்தா இழுப்பார். ஒரு நாள் ஜொகூர் பாருவிலிருந்து சபை அம்மா ஒருவர் பழங்களோடு வந்தார். நல்லவர்தான், எல்லார் தலையையும் தடவிக்கொடுப்பவர். அன்று தாத்தாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. நிலைமையைப் பார்த்ததும் அந்த அம்மா கட்டில் காலடியில் நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்தி, உரக்க ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த ஆத்துமாவை இப்போதே ஏற்றுக்கொள்ளும் என்று கேட்டார். தாத்தாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பினார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கி மூக்கில் நின்றது. நான் கையில் துணியோடு சிலையாக நின்றேன்.

மிஸ் வந்தார். அந்த அம்மாவின் உயர்த்திய கையை மெல்லப் பிடித்து இறக்கி, வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

“நீங்க பண்ணுனது தப்பு” என்றார். “வாய் தெறக்க முடியாதவிய மேல ஜெபம் பண்ணுதது, தூங்குதவன் பையில கை விடுத மாதிரி.”

அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போய்விட்டது. ஒரு மிஷனரி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று அவருக்கு. எனக்கும்தான். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. தாத்தா அன்று சாயங்காலம் போய்விட்டார். மிஸ் கோயில் கமிட்டிக்கு ஆள் அனுப்பி, தேவாரம் பாடத் தெரிந்தவரைக் கூட்டிவரச் சொன்னார். பாடி முடியும் வரை மிஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

இதைச் சொன்னதால் மிஸ்ஸுக்குச் சாமி நம்பிக்கை குறைச்சல் என்று யாரும் நினைக்கக் கூடாது. விடிகிற நேரத்தில் ரம்புத்தான் மரத்தடியில் பலகைப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு ஜெபிப்பார். இல்லத்தில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரும் அதில் வரும். வேண்டாம் என்றவர்கள் பெயர் மட்டும் வராது. என் பெயரும் வராது. நான் அடுப்பு மூட்டிக்கொண்டே கேட்பேன். என் பெயர் வராது என்று தெரிந்தும், அந்தக் குரல் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி. ஆற்றில் வெள்ளம் ஏறி, சாலை மூழ்கி, நாங்கள் தீவாகக் கிடந்த நாட்களிலும் அந்தக் குரல் தப்பவில்லை. மாரியம்மன் விளக்கை ஏற்றிவிட்டு, மிஸ் குரலைக் கேட்டுவிட்டு, வேலை தொடங்குவேன். இரண்டும் சேர்ந்துதான் எனக்குத் தைரியம்.

மிஸ்ஸுக்கும் வயதானது. ஊருக்குத் திரும்பவில்லை, இங்கே குடியுரிமையும் இல்லை, கடைசி வரை நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. பெயர்கள் மறந்தன. பிறகு மரத்தடிக்குப் போவதும் நின்றது. படுக்கையில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். அவர் கற்றுக்கொடுத்தபடியே கட்டிலைத் தட்டி, “பாரு வந்திருக்கேன் மிஸ்” என்பேன். கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் பாஸ்டர் வந்தார். இளவயது, மிஸ்ஸிடம் ஞாயிறு பள்ளி படித்தவர். கூடச் சபையார் சில பேர். கையில் பாட்டுப் புத்தகம், ஒருவர் கையில் படம் எடுக்கக் கைப்பேசி. மிஸ் இன்னும் அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. வாசலிலேயே இருங்கள், நான் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அது சும்மா சடங்குக்குத்தான். பதில் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தட்டினேன். உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேராகக் கண்ணை வைத்தேன்.

“மிஸ், பாஸ்டர் வந்திருக்காரு. ஒங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமான்னு கேக்கறாரு.”

மிஸ் என்னைப் பார்த்தார்.

“வேண்டாம்ட்டி.”

எனக்குக் காதில் ஏதோ அடைத்தது போல ஆகிவிட்டது. மற்றவர்கள் சொன்னால் அது வேறு. இவர் சொல்கிறார். எத்தனை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டவர். யாருடைய குரல் கேட்டு எனக்குப் பொழுது விடிந்ததோ அவர். புத்தி தடுமாறிவிட்டதோ என்று, கஞ்சி வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். “சூடா இருந்தா குடு” என்றார். கோபமோ என்று பார்த்தேன். கோபம் என்றால் ‘நீங்க’ வந்திருக்கும். என்னை ‘ஏட்டி’ போட்டுத்தான் சொன்னார். முழு நினைவோடு, அமைதியாக, வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்க எங்கள் சட்டத்தில் இடமில்லை.

வெளியே வந்து சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாஸ்டர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கூட வந்தவர்களில் ஒரு அம்மா, பிசாசின் சோதனை, இப்போதுதான் கட்டாயம் பண்ண வேண்டும் என்றார். எல்லாரும் ஓரடி முன்னால் வந்தார்கள். நான் கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தேன். நகரவில்லை. நகராமல் நின்றது தைரியத்தால் இல்லை, எனக்குக் கால் வரவில்லை.

பாஸ்டர் மெதுவாகத்தான் பேசினார். “ஆண்ட்டி, அவங்களுக்கு முன்ன மாதிரி நெனவு இல்ல. இத ஒரு பதிலா எடுத்துக்கலாமா?”

“முனியாண்டித் தாத்தாவுக்கும் முழு நெனவு இல்ல பாஸ்டர். அவரு தலைய திருப்புனதயே மிஸ் பதிலா எடுத்துக்கிட்டாங்க.”

“நீங்க வேற சாமி கும்பிடறவங்க. இது எங்களுக்கு எவ்ளோ பெருசுன்னு ஒங்களுக்குப் புரியாது.”

“புரியுது பாஸ்டர். எனக்கும் நெஞ்சு படபடங்குது.” அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “பண்ணியே ஆகணும்னா சமையக்கட்டுக்குப் பின்னால போங்க. மிஸ் எங்கள அங்கதான் அனுப்புவாங்க.”

பாஸ்டர் கைப்பேசி வைத்திருந்தவரிடம் அதை உள்ளே வைக்கச் சொன்னார். எல்லாரையும் கூட்டிக்கொண்டு சமையற்கட்டைச் சுற்றிப் போனார். போகிறபோது அந்த அம்மா, கடைசி நேரத்தில் ஒரு இந்துப் பொம்பளை மிஸ்ஸைக் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வார்த்தை அதற்குப் பிறகு கோத்தா திங்கியில் வெகு நாள் சுற்றியது.

நான் திரும்ப உள்ளே போனேன். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“அப்ப வேற என்ன செய்யட்டும் மிஸ்?”

மிஸ் யோசித்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பு.

“சைக்கிள்” என்றார்.

புரியாமல் நின்றேன். சைக்கிள், சைக்கிள் என்று விரலை அசைத்தார். நான் போய் அந்தப் பச்சைச் சைக்கிளை உருட்டி வந்தேன். செம்மண் அப்பின சக்கரம் துடைத்த தரையில் தடம் போட்டது. கட்டிலை ஒட்டி நிறுத்தி, அவர் கையைத் தொடட்டுமா என்று கேட்டு, தூக்கிக் கைப்பிடியில் வைத்தேன். கட்டைவிரல் மணியைத் தேடியது. முதலில் அமுங்கவில்லை. நான் உதவப் போனேன், முறைத்தார். பிறகு அடித்தது. கிணிங் என்று ஒரு அடி. அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொன்று அடித்தார்.

சமையற்கட்டுக்குப் பின்னால் பாஸ்டரின் ஜெபம் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் நின்றது. பிறகு தொடர்ந்தது. மறுபடி அடித்ததும் மறுபடி நின்றது. மிஸ் கை சோர்ந்து தூங்கும் வரை இப்படித்தான் நடந்தது.

மறுநாள் காலை, முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலைத் தட்டி, பெயரைச் சொன்னேன். கழுவட்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. சைக்கிள் அங்கேயேதான் நின்றது. பதில் வராமல் எப்படித் தொடுவது என்று தெரியாமல் தண்ணீர் ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரைக் கேட்காமலேயே கழுவினேன். இத்தனை வருடத்தில் அது ஒன்றுதான்.

அடக்கத்தில் பாஸ்டர் பொய் எதுவும் சொல்லவில்லை. மிஸ் எப்படி வாழ்ந்தார் என்று மட்டும் பேசினார். அவர் பிறகு ஈப்போ பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். பலகையில் எழுதியவர்கள் அந்த நாளில் இருந்தவர்கள் இல்லை. மிஷனரி என்றால் இப்படித்தான் போயிருப்பார் என்று நினைத்து எழுதிவிட்டார்கள்.

மிஸ் ஏன் வேண்டாம் என்றார்? எனக்குத் தெரியாது. சில நாள் அவருக்கும் சாமிக்கும் ஏதோ சண்டை என்று தோன்றும். சில நாள் ஒரேயடியாகப் பேசி முடித்துவிட்டார் என்று தோன்றும். இரண்டையும் நான் நம்பவில்லை. அடுப்பு பற்றவைக்கும்போது அந்த ‘வேண்டாம்ட்டி’ திடீரென்று காதில் விழும், அன்று போலவே உடம்பு ஆடிப்போகும். வயதாகியும் அந்த அதிர்ச்சி குறையவில்லை.

இவ்வளவையும் போன மாதம் இல்லத்துக்குப் போன அன்றே பிரேமாவிடம் வாய்மொழியாகச் சொன்னேன். அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஆண்ட்டி, இத எப்படி புத்தகத்துல போடறது? மிஸ்ஸுக்கே கேவலமா போயிராதா?” என்றாள். நான் எழுந்து கடைசிக் கட்டிலுக்குப் போனேன். சாயங்கால ஜெபம் ஒலிபெருக்கியில் தொடங்கியிருந்தது. அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடவில்லை. கட்டிலைத் தட்டினேன், பெயரைச் சொன்னேன், உட்கார்ந்தேன்.

“இந்த ஜெபம் ஒங்களுக்கு வேணுமாம்மா?”

அவர் மெல்லத் திரும்பினார். இல்லை என்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் பின்னால் பார்த்தார். பிரேமா கதவருகே நின்றிருந்தாள். சுவரில் அந்தப் பெட்டியின் சுவிட்ச் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. பெட்டியின் குரல் பாதி வார்த்தையில் நின்றது.

“அப்ப வேற என்ன செய்யட்டும்?” என்றேன்.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யோசிச்சு சொல்றேன்லா” என்றார்.